மருந்து என்று நான் எழுதிய சீட்டு

மகனே,

கடிதத்தின் தொடக்கத்தில் வழக்கமாக எழுதும் அன்பு வார்த்தையை இம்முறை விட்டுவிட்டேன். அதைப் பார்த்த மாத்திரத்தில் மீதியெல்லாம் மன்னிப்புத்தான் என்று நீ முடிவு செய்துவிடுவாய். நான் கோபமாக இருக்கிறேன். கோபத்தோடு எழுதக்கூடாது என்று மூன்று வாரம் பேனாவைத் தொடாமல் இருந்தேன். கோபம் ஆறவில்லை, தெளிந்திருக்கிறது. தெளிந்த பிறகு எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. உன் அம்மா வாசித்துவிட்டாள். இதே கடிதம் நம் திருச்சபையின் மாத இதழுக்கும் போகிறது. நீ ஆய்வேட்டை ஒப்படைத்தபோது உன்னைப் பற்றி நான் எழுதிய பெருமைக் குறிப்பு எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கத்தை இதற்கும் கேட்டிருக்கிறேன். இதழ் மாதக் கடைசியில் அச்சுக்குப் போகும். அதற்கு அடுத்த வாரம் நீ வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறுகிறாய். இன்றிலிருந்து அச்சுக்குப் போகும்வரை உனக்குப் பத்து நாள் இருக்கிறது. அந்தப் பத்து நாளில் நீ என்ன செய்யப்போகிறாய் என்பது ஒன்றே எனக்குத் தெரிய வேண்டும்.

உனக்குத் தெரிந்ததையே நான் திரும்பச் சொல்வதுபோல் சில இடங்களில் தோன்றும். பொறுத்துக்கொள். இதழை வாசிக்கிறவர்களுக்கு முழுவதும் தெரிய வேண்டும்; அத்தோடு, நீ அதை என் வாயால் ஒருமுறை முழுதாகக் கேட்கவும் வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் இரணியல் ரயில் நிலையத்தில் நீ ஒரு சாக்கோடு இறங்கினாய். ஆட்டோக்காரர் மாட்டுத் தீவனமா என்று கேட்டதற்கு நீ ஆமாம் என்றாய். அது பொய்யும் இல்லை. அந்தச் சக்கையை மாடுகளும் தின்னும். வீட்டு வாசலில்தான் விசாரணை நடந்தது.

“இது என்ன மக்கா, புளிச்ச வாடை?” என்றாள் உன் அம்மா.

“பார்லிம்மா.”

“பார்லிக்கு எதுக்கு இந்த வாடை?”

“பீரு எடுத்த பொறவு மிச்சம் வார சக்கையாக்கும்.”

அவள் இரண்டு அடி பின்னால் போனது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தலைவி. கோயிலுக்குப் பக்கத்தில் திறந்த மதுக்கடையை மூடவைக்க வெயிலில் தரையில் உட்கார்ந்தவள். “பீரு சாக்கா? எனக்க அடுக்களைக்குள்ளயா? எடுத்துட்டுப் போலே வெளிய!”

“குடிக்கதையெல்லாம் அவனுவ குடிச்சாச்சும்மா. இது வெறும் சக்க.”

“குடிக்க எடத்துல இருந்து வந்ததுதான?”

சாக்கு அன்று பலாமரத்தடியில் கிடந்தது. ஆனால் மறுநாள் காலையில் அவளே தன் புதுத் தோர்த்துத் துண்டை வடிகட்டத் தந்தாள். நீ சக்கையை உலர்த்தி, வேகவைத்து, வடித்து, அந்த நீரில் வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சேர்த்து, கண்ணாடித் தம்ளரை மொட்டைமாடி வெயிலில் வைத்தாய். நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்றோம். ஏறக்குறைய நிறமற்றிருந்த நீர் மெல்ல மஞ்சளாகி, மஞ்சள் செம்பழுப்பாகியது. சக்கையில் தங்கியிருக்கும் பொருள்களே வெள்ளி அயனியை வெள்ளித் துகளாக மாற்றுகின்றன, மாற்றியபின் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் போர்த்தியும் காக்கின்றன, கண்ணுக்குத் தெரியாத அளவில் பிரிந்து நிற்கும்வரை இந்த நிறம் நிற்கும், பாக்டீரியாவைக் கொல்லும் திறனும் நிற்கும் என்று நீ சொன்னாய். கல்லூரியில் ஏறக்குறைய முப்பது ஆண்டு வேதியியல் கற்பிக்கிறவன் நான். கடுமையான வேதிப்பொருள் ஒன்றும் வேண்டாம், எவனோ குடித்து எறிந்ததன் மிச்சம் போதும் என்று ஒருவன் என் வீட்டு மாடியில் எனக்கே கற்பித்தான்; அவன் என் மகன். உன் அம்மா தம்ளரை எட்டிப் பார்த்து, “பாலு விடாத கட்டஞ்சாயா கணக்கா இருக்குலா” என்றாள். கரைசல் பட்ட அவளுடைய கட்டைவிரல் ஒரு வாரம் கறுத்திருந்தது. கோயிலில் கேட்டவர்களிடம் மகனுடைய ஆராய்ச்சி என்றாள். எதிலிருந்து வந்த ஆராய்ச்சி என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த வேலை நல்ல வேலை. இத்தனை கோபத்திலும் அதை மறுக்கமாட்டேன். முதல் தொகுதிகள் உண்மையாகவே வேலை செய்தன. பாக்டீரியா படர்ந்த தட்டில் உன் கரைசல் விட்ட இடத்தைச் சுற்றி ஒன்றுமே முளைக்காத தெளிந்த வளையத்தை நீ தொலைபேசியில் காட்டியபோது, அதை என் மாணவர்களுக்கெல்லாம் காட்டினேன். வீணாய்ப் போயிருந்தால் நான் வருந்தியிருப்பேன்; கோபப்பட்டிருக்கமாட்டேன். நன்றாக இருந்த ஒன்றை நீ கெடுத்தாய். அதில் எனக்கும் பங்கு உண்டு. என் பங்கை முதலில் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு அறுப்பின் பண்டிகை. அவரவர் உழைப்பின் முதல் பலனைக் கோயிலுக்குக் கொண்டுவருவதும், ஆராதனையில் ஜெபித்த பிறகு முற்றத்தில் வைத்து ஏலம் விடுவதும் நம் வழக்கம். ரப்பர் ஷீட்டும் வாழைக்குலையும் பலாவும் கோழியும் வரும் இடத்துக்கு உன் உழைப்பின் பலனும் வரவேண்டும் என்று உன்னை வற்புறுத்தியது நான். நீ ஒரே தொகுதியில் எடுத்த இரண்டு குப்பி கொண்டுவந்தாய். ஒன்றை எனக்குத் தந்தாய். நீ எழுதியிருந்த தொகுதி எண்ணுக்குக் கீழே பென்சிலால் அன்றைய தேதியைக் குறித்து என் புத்தக அலமாரியில் வைத்தேன். பொருள் கைக்கு வந்த தேதியைக் குறிக்காமல் எதையும் அலமாரியில் வைப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். மற்றொன்று பீடத்தின் முன் வைப்பதற்கு. பொருளோடு ஒரு சீட்டும் வைக்க வேண்டுமல்லவா? நீ உன் கையெழுத்தில் எழுதியிருந்தாய்: ‘பீர் ஆலைக் கழிவிலிருந்து எடுத்த வெள்ளி நானோ துகள், ஆய்வு மாதிரி.’ ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்த சீட்டு அது. நான் அதைக் கிழித்தேன். சபைச் செயலரின் மகன் பீடத்தின் முன் பீர் என்று எழுதி வைப்பதா? என் அழகான கையெழுத்தில் வேறொன்று எழுதினேன்: ‘தானியச் சக்கையிலிருந்து எடுத்த வெள்ளி மருந்து.’ பீரை எடுத்ததோடு நான் நிற்கவில்லை. ஆய்வு மாதிரி என்பது ஏலத்தில் எடுபடாது என்று அதையும் எடுத்துவிட்டு, மருந்து என்று போட்டேன். நீ பக்கத்தில் நின்று வாசித்தாய். “கொள்ளாம்ப்பா, கேக்க நல்லாருக்கு” என்றாய்.

ஏலம் கூவிய ராஜையனுக்கு அந்தச் சீட்டு போதுமாயிருந்தது. குப்பியை உயரத் தூக்கிப் பிடித்து, “நம்ம சார் மவன் செஞ்ச மருந்தாக்கும்! ஒரு சொட்டு விட்டா கிருமியெல்லாம் ஒரே ஓட்டம், களியக்காவிளை செக்போஸ்ட்டு தாண்டித்தான் திரும்பிப் பாக்கும்!” என்றார். முற்றமே சிரித்தது. நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன். குலசேகரத்துக்குப் போகும் வழியில் இருந்து வரும் செல்லத்துரை கையைத் தூக்கினார். ரப்பர் பால் வெட்டுகிறவர். சர்க்கரை நோய் உண்டு. மரத்தில் பால் பிடிக்கும் சிரட்டையைக் கட்டிய கம்பி காலில் கீறி, துணி சுற்றிக்கொண்டு வந்திருந்தார். வேறு யாரோ விளையாட்டாகக் கேட்டு விலையைக் கூட்ட, “ஏலே, எனக்குக் காலுக்கு வேணும்லே, விடு” என்றார் அவர். அப்போதும் நீயும் நானும் அங்கேயே நின்றோம். ‘இது மருந்து இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? மூன்றாம் தரம் கூவி முடிக்கும் நேரம் நமக்கு இருந்தது. எனக்கு அந்த நேரத்தில் மகிழ்ச்சி மட்டுமே இருந்தது.

சில வாரத்தில் அலமாரியில் இருந்த குப்பி மாறத் தொடங்கியது. செம்பழுப்பு மங்கி, சாம்பல் நிறமாகி, அடியில் கறுப்பாக ஏதோ படிந்தது. துகள்கள் ஒட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டன என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. பார்த்தேன். குப்பியைச் சரியாக மூடவில்லையோ, வெயில் பட்டதோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நாட்களில்தான் செல்லத்துரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. அம்மா தொலைபேசியில் உன்னிடம் சொன்னபோது, பாவம், சர்க்கரை உள்ளவர் அல்லவா என்றாய் நீ. அதே வாக்கியத்தை அதற்கு முந்தின நாள் நானும் சொல்லியிருந்தேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது உன் ஆய்வுக்கூடத்து இளையவள் அனிஷாவை அழைத்து வந்தாய். சிதறாலில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மகள். அந்தக் குடும்பத்திலிருந்து ஆராய்ச்சிக்குப் போன முதல் ஆள். அவள் என் அலமாரியைப் பார்த்துக்கொண்டே வந்து அந்தக் குப்பியின் முன் நின்றாள்.

“அங்கிள், இது மழைக்காலத்துச் சாக்குல எடுத்ததுல்லா? நம்பரப் பாத்தா தெரியுது. சாக்கு நனைஞ்சு பூசணம் பூத்துப் போச்சு. இது நிக்காதுன்னு நான் அப்பவே அண்ணன்ட்ட சொன்னேன். தட்டுல வளையமே வரல்ல.”

அடுக்களையில் இருந்து உன் குரல் கேட்டது. “ஏட்டி, சும்மா இரி! வந்த எடத்துல லேபு பேசாத.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அவளும் சிரித்துவிட்டு முந்திரிக்கொத்துப் பலகாரத்தை எடுத்துக் கடித்தாள். நான் குப்பியைக் கையில் எடுத்துத் தொகுதி எண்ணைப் பார்த்தேன். அப்பவே என்றால் எப்போது? அறுப்பின் பண்டிகைக்கு முன்பு. அதாவது அதே தொகுதிக் குப்பியைக் கோயிலுக்குக் கொண்டுவரும்போது அது வேலை செய்யாது என்று உனக்குத் தெரியும். கைவசம் வேறு குப்பி இல்லை. யார் சோதிக்கப்போகிறார்கள், சும்மா காணிக்கைதானே என்று கொண்டுவந்தாய். அவ்வளவுதான் நடந்தது. பெரிய சதி ஒன்றும் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

விடுமுறை முடிந்து நீ போனபின் நான் செல்லத்துரையைப் பார்க்கப் போனேன். அவர் என்னிடம் கேட்டதைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போது எழுதினால் மீதியை எழுதக் கை வராது.

பிறகு உன் கட்டுரை ஓர் ஆய்விதழில் வெளிவந்தது. நீயே அனுப்பினாய். மாணவனின் விடைத்தாளை வாசிப்பதுபோல் வாசித்தேன். அப்படித்தான் எனக்கு வாசிக்கத் தெரியும். இரண்டு தட்டுகளின் படம் அடுத்தடுத்து இருந்தது. ஒன்று கோடைத் தொகுதி, மற்றொன்று மழைக்காலத் தொகுதி. இரண்டிலும் அழகான வளையம். முதல் தட்டின் ஓரத்தில் ஒரு காற்றுக்குமிழியும் அதன் அருகே ஒரு கீறலும் இருந்தன. இரண்டாவது தட்டின் மேற்பக்கம் அதே குமிழி, அதே கீறல். தாளை மெதுவாகச் சுழற்றிப் பார்த்தேன். இரண்டும் ஒரே படம். அதன் கீழே, எல்லாத் தொகுதிகளும் ஆறு மாதம் நிறம் மாறாமல் நிலைத்திருந்தன என்று எழுதியிருந்தாய். அதை வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால் எதிரே அலமாரியில் சாம்பல் நிறக் குப்பி, என் பென்சில் எழுத்தோடு.

அன்றைக்கே உன்னை அழைத்தேன். நினைவிருக்கிறதா?

“கட்டுரையைச் சோதிச்சவர் மழைக்காலத் தொகுதிக்கும் படம் கேட்டாருப்பா. மறுபடி செய்ய நேரமில்ல. செஞ்சாலும் அதே ரிசல்ட்டுதான் வரும்.”

“வந்ததா?”

“வரும்ப்பா.”

“வந்ததான்னு கேட்டேன்.”

“எல்லாரும் இப்பிடித்தான் செய்யாங்க. நீங்க ஒரு ஆளு அந்தக் காலத்துல இருந்து எறங்கி வரமாட்டிய.”

மறுவாரம் மீண்டும் கேட்டேன். வண்டி ஓட்டுகிறேன் என்று வைத்துவிட்டாய். நீ எல்லாரும் என்று சொன்னதை நான் நெடுநேரம் யோசித்தேன். அந்த எல்லாரில் முதல் ஆள் யார் என்று தேடியபோது என் முகம்தான் வந்தது. பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு முன் நம் வீட்டு மேசையில் உன் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தாய். பள்ளி ஆய்வகத்தில் செய்த தரம்பார்த்தலில் மூன்று அளவீடும் மூன்று விதமாக வந்திருந்தன. மூன்றையும் அப்படியே பென்சிலில் குறித்துவைத்திருந்தாய். எது சரி என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? “நடுவுல உள்ளத மூணுக்கும் எழுதுலே மக்கா. பரீட்சைக்கு வாரவரு ஒத்து வருதான்னு மட்டுந்தான் பாப்பாரு.” ஏன் மூன்றும் வேறுபட்டன, குழாயில் காற்று இருந்ததா, நிறம் மாறும் கணத்தைத் தவறவிட்டாயா என்று கேட்டிருக்க வேண்டும். உண்மையில் வேதியியல் அந்த மூன்று ஒவ்வாத எண்களுக்குள்தான் இருந்தது. அதை அழித்துவிட்டு ஒரே எண்ணை மூன்று முறை எழுத நான் உனக்குக் கற்றுக்கொடுத்தேன். உனக்கு மட்டும் அல்ல, ஆண்டுக்கு ஆண்டு வகுப்பு வகுப்பாகக் கற்றுக்கொடுத்தேன். இந்த மாவட்டத்தில் வேதியியல் ஆசிரியராக இருக்கிற பலரும் அதைச் செய்கிறோம், செய்துவிட்டுத் தேர்ச்சி விகிதத்தைச் சொல்லி மாலை போட்டுக்கொள்கிறோம். ஒரே எண்ணை மூன்று முறை எழுதியவன் ஒரே படத்தை இரண்டு முறை போட்டிருக்கிறான். வியப்பதற்கு எனக்கு உரிமை இல்லை.

ஆனால் கோபப்பட உரிமை உண்டு. ஏனென்றால் உனக்கு வயது பதினேழு இல்லை. அந்தப் பதிவேடு யாருடைய காலிலும் படவில்லை. இந்தக் குப்பி பட்டது.

கட்டுரை வெளியிட்ட இதழிலிருந்து, இரண்டு படமும் ஒன்றுபோல் இருப்பதாக வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார், விளக்கம் தருக என்று உனக்குக் கடிதம் வந்தது. நீ கொதித்துப்போய் வீட்டுக்கு அழைத்தாய். “எவனோ ஒரு பொறாமைக்காரப் பயலுப்பா. நான் வெளிய போறது பொறுக்கல்ல.”

“என்ன பதில் எழுதப்போற?” என்று கேட்டேன்.

“படத்த அடுக்குனது அனிஷாதான். கைப்பிழைன்னு எழுதிருவேன். அவளுக்கு ஒண்ணும் ஆவாதுப்பா, சின்னப் பிள்ளதான.”

அந்தப் பொறாமைக்காரப் பயல் நான்தான். என் பெயரும் கல்லூரி முகவரியும் கையெழுத்தும் இட்டு, குமிழியையும் கீறலையும் வட்டமிட்டு அனுப்பினேன். உன்னிடம் இரண்டு முறை கேட்டபின் அனுப்பினேன். அனுப்பிய பிறகு உன்னிடம் சொல்லாமல் இருந்தது தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன். நீயாக உண்மையை எழுதிவிடுவாய், என் பெயர் வெளியே வரவேண்டிய தேவையே இராது என்று எதிர்பார்த்தேன். நீ அனிஷாவின் பெயரை எடுப்பாய் என்று நான் எண்ணவே இல்லை. சாக்கு பூத்துப்போனது என்று சொன்னவள் அவள். வளையம் வரவில்லை என்று குறிப்பேட்டில் எழுதியவள் அவள். அவள் எழுதிய ஒரே உண்மையை மறைத்ததும் நீ, மறைத்ததற்கு அவளையே பொறுப்பாக்கப் பார்ப்பதும் நீ. அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று எப்படிச் சொன்னாய்? உதவித்தொகை நின்றால் சிதறாலில் கடைப்பலகையைத் திறந்து உட்கார வேண்டியவள். ‘ஆராய்ச்சிக்குப் போன பெண் பித்தலாட்டம் செய்து திரும்பி வந்துவிட்டாள்’ என்று எதிர்க்கடையில் பேசுவார்கள். உனக்கு வெளிநாட்டில் ஓர் அறையும் மேசையும் காத்திருக்கும். அவளை அழைத்துப் பேசினேன். அவள் பெயரை இங்கே எழுதலாமா என்று கேட்டேன். “எழுதுங்க அங்கிள். ஆனா அண்ணன ரொம்பத் திட்டாதீங்க, எனக்குக் கருவியெல்லாம் தொடப் படிச்சுத் தந்தது அண்ணந்தான்” என்றாள். நீ யாரைக் குழியில் இறக்கப்போகிறாய் என்று பார்த்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில் நான் எழுந்து நின்றேன். சென்ற ஆண்டு ஏலத்தில் போன குப்பியின் சீட்டை நான் திருத்தி எழுதினேன், அது பீர் ஆலைக் கழிவிலிருந்து எடுத்த சோதனைப் பொருள், மருந்து என்று நான் எழுதியது பொய், அந்தப் பொய்யை நம்பிய ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதித்தார் என்று வாசித்தேன். செயலர் பதவியை விட்டுவிட்டேன். ஆராதனை முடிந்து முற்றத்துக்கு வந்தால் நாலு பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “பீரு தண்ணியையாக்கும் பீடத்துல வச்சு ஜெபிச்சோம்? சாரே, இது கொஞ்சம் கூடுதலாப் போச்சு” என்றார் ஒருவர். ராஜையன் தலையில் கையை வைத்துக்கொண்டு, “எனக்க வாயாலயில்லா கூவ வச்சுட்டிய” என்றார். செல்லத்துரையின் விரல்களைப் பற்றி அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. பீர் என்ற சொல் உறுத்திய அளவுக்கு மருந்து என்ற சொல் யாரையும் உறுத்தவில்லை. இந்த இதழை வாசிக்கப்போகிறவர்களும் அவர்கள்தான் என்று தெரிந்தே எழுதுகிறேன். அந்தச் சக்கையில் ஓர் அழுக்கும் இல்லை. அழுக்கு முழுவதும் என் சீட்டில் இருந்தது. அந்தச் சபையின் கண்ணுக்குப் பயந்து ஒரு சொல்லை மாற்றியவன் நான் என்பதால், அவர்கள்மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் பாதி என்மேல் திரும்பி வருகிறது. மறு பாதி அவர்களிடமே இருக்கட்டும்.

இனி செல்லத்துரை. பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். மகளிடம் கட்டஞ்சாயா போடச் சொன்னார். சர்க்கரை இருந்ததால் விரல் எப்படியும் போயிருக்கலாம், ஆனால் இத்தனை நாள் கழித்து வந்தால் என்ன செய்ய என்று டாக்டர் திட்டினாராம். அதை அவர் ஒரு வேடிக்கைபோல் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் கேட்டார்.

“சாரே, ஒண்ணு கேக்கட்டா? நான் பஞ்சுல தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு சொட்டாத்தான் வச்சேன். வெல கூடின சாமானம்லா, தீந்து போவுமேன்னு பயம். நல்லாக் கோரி ஊத்தியிருந்தா வெரலு நின்னிருக்குமோ? பிசுக்குனது எனக்க தப்புதான?”

மகனே, இந்தக் கேள்வியை இன்னொரு முறை வாசி. தன் விரல் போனதற்கு அவர் தன் சிக்கனத்தைக் குற்றம் சொல்கிறார்.

இல்லை, அது மருந்தே இல்லை, அதில் வேலை செய்யும் ஒன்றும் மிச்சமில்லை, சீட்டில் எழுதியது என் தவறு என்றெல்லாம் சொன்னேன். குப்பியைத் திருப்பித் தரும்படி கேட்டேன். அவர் சிரித்தார். “நீங்க எனக்க சங்கடம் போவதுக்குச் சொல்லுதிய. கோயில்ல வச்சு ஜெபிச்சதுல்லா. இன்னும் எட்டு வெரலு கெடக்கு சாரே, இனி ஒண்ணு வந்தா பிசுக்காம ஊத்துவேன்.” மூன்று முறை கேட்டேன், தரவில்லை. போன ஞாயிறு நான் கோயிலில் வாசித்ததை அவர் மகள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அதற்கும் அவர் நம்பவில்லையாம். சாருக்கு மனசு கேட்கவில்லை, அதனால் பழியை எடுத்துப் போட்டுக்கொள்கிறார், செய்த பிள்ளை வந்து சொல்லட்டும் பார்ப்போம் என்றாராம்.

ஆகவே என்னால் ஆகாது. நான் மருந்து என்று எழுதியதை நம்பியவர், மருந்து இல்லை என்று நான் சொன்னதை நம்ப மறுக்கிறார். அந்தக் குப்பி அவருடைய அலமாரியில் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அவருடைய அடுத்த புண்ணுக்காகக் காத்திருக்கிறது.

நீ செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆய்விதழுக்கு இன்றே எழுது: படத்தை மாற்றி வைத்தது நான், அனிஷாவின் குறிப்பேடு சரியாக இருந்தது, மழைக்காலத் தொகுதி வேலை செய்யவில்லை என்று. அதன் நகலை அவளுக்கு அனுப்பு. கட்டுரை போகும்; உன்னை அழைத்திருக்கும் இடமும் போகலாம். போகட்டும். பூத்துப்போன சக்கையில் ஏன் துகள் நிற்கவில்லை என்பது நல்ல கேள்வி; ஒரு சாக்கையும் நேர்மையையும் வைத்துக்கொண்டு அதை நீ எந்தக் கூரைக்குக் கீழேயும் ஆராயலாம், நம் மொட்டைமாடி உட்பட. உன் பதில் அச்சுக்கு முன் வந்தால் இந்தக் கடிதத்தின் கீழேயே அதை முழுதாகப் போடச் சொல்கிறேன். வராவிட்டால் கடிதம் மட்டும் வரும்.

பிறகு குலசேகரம் பேருந்தில் ஏறி, ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தின் முன் இறங்கி, அவர் வீட்டுக்குப் போ. தனியாகப் போ. அவர் உன்னை மகளின் கல்யாணத்துக்கு வந்தவனைப்போல் வரவேற்பார். கட்டஞ்சாயா தருவார். குடிக்கும் முன் தம்ளரை வெளிச்சத்தில் பிடித்து அந்த நிறத்தைப் பார். அவர் அலமாரியில் நிற்கும் குப்பி இருந்திருக்க வேண்டிய நிறம் அது. உன்னிடமும் அதே கேள்வியைக் கேட்பார், கூடுதலாக ஊற்றியிருந்தால் நின்றிருக்குமா என்று. அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல். அவர் நம்பும்வரை சொல். நம்பியதற்கு அடையாளம் அவர் எழுந்து போய் அந்தக் குப்பியை எடுத்துக் கையில் தருவது.

அந்தக் குப்பியோடு வீட்டுக்கு வா. அது இல்லாமல் வந்தால் உன் அம்மா சோறு போடுவாள். நான் எதிரே உட்காரமாட்டேன்.

உன் அப்பா